மரப்பட்டைத் துணியும் பேசாத தூண்களும்: பொலினீசியக் கைவினைகளை அவற்றின் கதைகளோடு தெரிந்துகொள்ள

சமோவாக்காரர்களுக்கு நிலாவில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் சினா. ஒரு பஞ்ச காலத்தில், பொழுது சாயும் நேரம், பசியோடு இருந்த குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரப்பட்டையை அடித்துத் துணி செய்துகொண்டிருந்தாள். முழுநிலா மேலே வந்தது. பார்க்க ஒரு பெரிய சீமைப்பலாக்காய் மாதிரி இருந்ததால், "கொஞ்சம் கீழே இறங்கி வாயேன், என் பிள்ளை உன்னை ஒரு கடி கடித்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டாள். தன்னையே தின்னக் கேட்கிறாளே என்று நிலாவுக்குக் கோபம். அவளையும் குழந்தையையும், அவள் வைத்திருந்த அடிகட்டையையும் கொட்டாப்புளியையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நிலாவில் பாட்டி வடை சுடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நிலாவின் கறைக்குள் சமோவாக்காரர்கள் பார்ப்பது வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கைவினைப் பெண்ணை, அவளுடைய கருவிகளோடு. பொலினீசியக் கைவினைகளைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பொருளை மட்டும் பார்க்காதீர்கள், கதையோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே கதை என்பது பொருளுக்குப் பின்னால் ஒட்டிய அலங்காரம் கிடையாது. எந்தச் செடி எங்கே வளரும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், இந்த வேலையைச் செய்ய யாருக்கு உரிமை, எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் கதைக்குள்தான் இருக்கிறது. ஈஸ்டர் தீவில் கிடைத்த, இன்றுவரை யாராலும் படிக்க முடியாத ரொங்கோரொங்கோ பலகைகளை விட்டால், அந்தத் தீவுகளில் எழுத்து என்று ஒன்று இருந்ததில்லை. அதனால் செய்முறை, சட்டம், வரலாறு மூன்றையும் கதையும் பாட்டும்தான் சுமந்து வந்தன.

முதலில் இடம் எது என்று பார்த்துவிடலாம். பசிபிக் பெருங்கடலின் வரைபடத்தில் வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு என்று மூன்று புள்ளி வைத்து இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் வரும். அதற்குள் இருக்கும் சமோவா, டோங்கா, தாஹித்தி, குக் தீவுகள், மார்க்கேசஸ் எல்லாம் சேர்ந்ததுதான் பொலினீசியா. ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன்பே டோங்காவிலும் சமோவாவிலும் மக்கள் குடியேறிவிட்டார்கள். கடைசியாகப் போய்ச் சேர்ந்த பெரிய நிலம் நியூசிலாந்து, அது 13ஆம் நூற்றாண்டு. இவ்வளவு தூரத்தையும் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளை இறுக்கிக் கட்டிய படகுகளில் கடந்தார்கள். கையில் உலோகம் கிடையாது. கல், எலும்பு, கிளிஞ்சல், சுறாப்பல், நார் இவைதான் மொத்தக் கருவிப்பெட்டியும்.

சரி, சினா அடித்துக்கொண்டிருந்த அந்தத் துணிக்கு வருவோம். பொதுவாக அதைத் தாப்பா என்கிறார்கள். சமோவாவில் சியாப்போ, டோங்காவில் ங்காத்து, ஹவாயில் காப்பா. ஆல், பலா, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி எல்லாம் அடங்கிய குடும்பத்தில் காகித மல்பெரி என்று ஒரு மரம் இருக்கிறது, அதன் உள்பட்டைதான் மூலப்பொருள். மரமாக வளர விடுவதில்லை, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போன ஒல்லியான தண்டாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். அதுவரை பக்கத் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளை வந்த இடமெல்லாம் துணியில் ஓட்டையாகிவிடும்.

வெட்டிய தண்டிலிருந்து பட்டையை ஒரே இழுப்பில் உரித்து, வெளித்தோலைச் சீவி எறிந்துவிட்டு, வெள்ளையான உள்பட்டையை மட்டும் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். அப்புறம் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, வரிவரியாகக் கோடு செதுக்கிய கொட்டாப்புளியால் அடி, அடி, அடி. கையகலம் இருந்த பட்டை அடிக்க அடிக்க விரிந்து, மெலிந்து, மூன்று நான்கு மடங்கு அகலமாகிவிடும். நெய்வது இல்லை, நூல் இல்லை, தறி இல்லை. ஒரு துண்டின் ஓரத்தை இன்னொன்றின் மேல் வைத்து, கிழங்கு மாவில் கிண்டிய பசையைத் தடவி ஒட்டிக்கொண்டே போனால் எவ்வளவு நீளத்துக்கும் துணி தயார். டோங்காவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, குப்பெசி என்ற புடைப்பு அச்சுப் பலகையை அடியில் வைத்து மேலே சாயத்தைத் தேய்க்கிறார்கள். சின்ன வயதில் காசுக்கு மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுத்திருப்போமே, அதே முறைதான். செம்பழுப்புச் சாயம் கோக்கா மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது, கறுப்பு நிறம் பெரும்பாலும் எண்ணெய்க்கொட்டையை எரித்து எடுத்த புகைக்கரி.

ஹவாயில் காகித மல்பெரி எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு. மைக்கோஹா என்பவர் தான் சாகும் நேரத்தில் தன் மகள்களைக் கூப்பிட்டு, தன்னை நூவானு பள்ளத்தாக்கில் ஓடைக்கரையில் புதைக்கச் சொன்னார். என் உடம்பிலிருந்து ஒரு செடி முளைக்கும், அதன் பட்டையில் உங்களுக்குத் துணி கிடைக்கும் என்றார். அப்படியே முளைத்தது. மகள்களில் லாவுஹுக்கி காப்பா அடிக்கிறவர்களின் காவல் தெய்வமானாள், லாஆஹானா அதில் வடிவங்கள் போடுகிறவர்களின் தெய்வமானாள்.

இதைச் சும்மா ஒரு முளைத்த கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். நிதானமாகப் பார்த்தால், செடி ஓடைக்கரை ஈரத்தில்தான் நன்றாக வரும் என்ற விவசாயக் குறிப்பு அதில் இருக்கிறது. அடிப்பது ஒரு வேலை, வடிவம் போடுவது இன்னொரு தேர்ச்சி என்று இரண்டாகப் பிரித்ததும் இருக்கிறது. ஹவாய்க் காப்பாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரூபாய் நோட்டில் தெரிவது போல உள்ளே ஒரு நீர்க்குறி தெரியும். கொட்டாப்புளியின் முகத்தில் செதுக்கிய கோலம் ஈரப்பட்டையில் பதிந்து அப்படியே நின்றுவிடுகிறது, பொலினீசியாவில் வேறு யாரும் அதை அந்த அளவு நுணுக்கமாகச் செய்யவில்லை.

பொலினீசியக் கதைகளின் நாயகன் மாவுயி சூரியனைக் கட்டிப்போட்ட கதையும் துணி விஷயம்தான். சூரியன் அவசர அவசரமாக ஓடிவிடுவதால் அம்மா ஹினாவின் காப்பா காயவே மாட்டேன் என்கிறது. மகன் கயிறோடு ஹலேயாக்கலா மலை உச்சிக்குப் போய்ச் சூரியனின் கால்களைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, மெதுவாகப் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு விடுகிறான். அந்த மலையின் பெயருக்கே சூரியனின் வீடு என்று பொருள். பகல் நீண்டதற்கான காரணம் ஈரத்துணி காயாத ஒரு அம்மாவின் கவலை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இந்தச் செடி ஹவாய்க்கோ சமோவாவுக்கோ சொந்தமானதே இல்லை. 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பசிபிக் தீவுகளின் காகித மல்பெரியின் வேர் தைவானில் இருப்பதைக் காட்டியது. அதைவிட ஆச்சரியம், தீவுகளில் இருப்பவை பெரும்பாலும் பெண் செடிகள், ஆகவே விதை இல்லை. ஒவ்வொரு தீவுக்கும் யாரோ ஒருவர் குச்சியை வெட்டி, ஈரம் காயாமல் பொத்திப் பொத்திப் படகில் கொண்டுபோய் நட்டால்தான் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் பயணத்தில் உணவுக்கும் தண்ணீருக்கும் நடுவே துணிக்கான குச்சிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றும் டோங்காவில் கல்யாணம், சாவு, முடிசூட்டு எதுவும் ங்காத்து இல்லாமல் நடப்பதில்லை. 1965இல் அரசி சலோத்தே ஆக்லாந்தில் இறந்து, உடலை விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்தபோது சவப்பெட்டிக்கு அடியில் விரித்திருந்தது ஒரு ங்காத்துதான்.

படகு என்றதும் ராத்தாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது, நியூசிலாந்திலிருந்து ஹவாய் வரை வெவ்வேறு வடிவில் சொல்லப்படும் கதை அது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் சொல்வது இப்படி: ராத்தா காட்டுக்குள் போய் ஒரு நல்ல மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. திரும்ப வெட்டுகிறான், திரும்பவும் நிற்கிறது. ஒளிந்திருந்து பார்த்தபோதுதான் தெரிகிறது, காட்டுப் பறவைகளும் பூச்சிகளும் கூட்டமாக வந்து ஒவ்வொரு சில்லையும் தூளையும் பொறுக்கி, இருந்த இடத்திலேயே ஒட்டவைத்து, பாட்டுப் பாடி மரத்தை நிமிர்த்துகின்றன. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்றால், நீ காட்டின் தெய்வமான டானேயிடம் கேட்கவே இல்லையே என்கின்றன. ராத்தா வெட்கப்பட்டு, முறைப்படி கேட்ட பிறகு அதே கூட்டம் அவனுக்குப் படகைச் செய்து கொடுத்துவிடுகிறது.

அனுமதி கேள் என்பது கதையோடு நின்றுவிடவில்லை. ஹவாயில் படகுக்காகக் கோவா என்ற உள்ளூர் மரத்தைத் தேடிப் போகும்போது எலெப்பாயோ என்ற சின்னப் பறவையைக் கவனிப்பார்கள். படகுத் தச்சர்களின் தெய்வமான லேயா அந்தப் பறவை உருவில் வருவாள் என்பது நம்பிக்கை. வெட்டி விழுந்த மரத்தின் மேல் அது வந்து உட்கார்ந்து, கொத்தாமல் அப்படியே நடந்துபோனால் மரம் நல்ல மரம். நின்று நின்று கொத்தினால் அந்த மரத்தை விட்டுவிடுவார்கள். அது பூச்சி தின்னும் பறவை, அது கொத்துகிற இடத்தில் உள்ளே புழு அரித்துக்கொண்டிருக்கிறது. மரத்தின் தரத்தைச் சோதிக்கும் முறை ஒரு தெய்வத்தின் பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வந்திருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் ஹவாயியிலோவா என்ற இரட்டைப் படகைப் பழைய முறைப்படி மரத்திலேயே கட்ட நினைத்தவர்கள் ஹவாய்க் காடுகளில் அலசித் தேடியும் போதிய அளவு பருத்த, பழுதில்லாத கோவா மரம் கிடைக்கவில்லை. கடைசியில் அலாஸ்காவின் பழங்குடி மக்கள் தங்கள் காட்டிலிருந்து இரண்டு பெரிய ஸ்ப்ரூஸ் மரங்களை அன்பளிப்பாகத் தந்தார்கள். ஒரு காட்டைத் தொலைத்துவிட்டு இன்னொருவர் காட்டில் வெட்டுவதா என்ற உறுத்தலில், வருங்காலப் படகுகளுக்காக ஹவாயில் கோவா கன்றுகள் நடப்பட்டன.

அடுத்தது உடம்பின் மேல் செய்யும் கலை. பச்சை குத்துவதை இன்று உலகம் முழுக்க டாட்டூ என்கிறார்கள் இல்லையா, அந்தச் சொல்லே பொலினீசியாவின் டட்டாவ். 1769இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் தாஹித்திக்குப் போன பிறகு ஐரோப்பாவுக்குப் பரவிய சொல். சமோவாவில் இது இரண்டு சகோதரிகளின் கதை. தாயேமா, திலாஃபாயிங்கா, ஒட்டிப் பிறந்த இரட்டையர். பிஜியில் இந்தக் கலையைக் கற்று, கருவிக்கூடையோடு சமோவாவுக்கு நீந்தி வருகிறார்கள். வழியெல்லாம், "பெண்களுக்குக் குத்து, ஆண்களுக்கு வேண்டாம்" என்று பாடிக்கொண்டே வருகிறார்கள், மறந்துவிடக் கூடாதே என்று. கரை நெருங்கும்போது கடலடியில் ஒரு பெரிய சிப்பி தெரிய, அதை எடுக்க மூழ்குகிறார்கள். மேலே வந்தபோது பாட்டு தலைகீழாகிவிட்டது: "ஆண்களுக்குக் குத்து, பெண்களுக்கு வேண்டாம்."

சமோவா ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நெருக்கமாகக் குத்திக்கொள்வதற்குப் பெயர் பெஆ. அதே சொல்லுக்குப் பழந்தின்னி வௌவால் என்றும் பொருள். பெண்களுக்கு மாலு என்று தொடைகளில் இடைவெளி விட்டு நுணுக்கமாகப் போடுவார்கள், ஆகப் பெண்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பன்றிக்கொம்பிலோ எலும்பிலோ சீப்பு மாதிரிப் பற்கள் அறுத்து, ஒரு கைப்பிடியில் கட்டி, கரி மையில் தோய்த்து, சின்னக் கோலால் டக்டக்கென்று தட்டுவார்கள். இரண்டு மூன்று உதவியாளர்கள் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது நாட்கணக்கில் நடக்கும். வலி தாங்காமல் பாதியில் எழுந்து போனால் அந்த அரைகுறைப் பச்சை அவனுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே தலைகுனிவு. சகோதரிகள் கருவிகளை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதும் கதையில் உண்டு, அந்த வழியில் வந்தவர்களுக்கே இதைச் செய்யும் உரிமை. உரிமைப் பத்திரமே கதைதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாவோரிகளிடம் இதே கலை வேறு மாதிரி. அவர்கள் குத்தவில்லை, செதுக்கினார்கள். உஹி என்ற எலும்பு உளியால் முகத்தின் தோலில் பள்ளம் விழும்படி வரைவதற்கு மோக்கோ என்று பெயர். அதன் கதைதான் இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது. மத்தாவோரா ஒரு தலைவன். பாதாள உலகத்திலிருந்து வந்த நிவாரேக்காவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஒருநாள் பொறாமையில் அவளை அடித்துவிடுகிறான். அவள் உலகத்தில் பெண்டாட்டியை அடிப்பது என்ற ஒன்றே கிடையாது. எழுந்து அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இவன் வருந்தி, அழகாக வண்ணம் தீட்டிய முகத்தோடு அவளைத் தேடிப் பாதாளத்துக்கு இறங்குகிறான். போகிற வழியில் வியர்வையில் வண்ணமெல்லாம் வழிந்து கலைந்துவிட்டது. மாமனார் உவேட்டோங்கா அங்கே ஒருவருக்கு மோக்கோ செதுக்கிக்கொண்டிருக்கிறார். இவன் முகத்தைப் பார்த்ததும் அங்கிருந்த எல்லாரும் சிரிக்கிறார்கள். உங்கள் உலகத்துப் பச்சை வெறும் பூச்சு, பார் என்று அவர் கையாலேயே துடைத்துக் காட்டுகிறார்.

பிறகு அவனைப் படுக்கவைத்து உளியால் செதுக்குகிறார். வலி பொறுக்க முடியாமல் மத்தாவோரா மனைவியின் பெயரைச் சொல்லிப் பாடுகிறான், பாட்டுக் கேட்டு அவள் வருகிறாள், வீங்கிய முகத்தோடு கிடப்பவனுக்குப் பணிவிடை செய்கிறாள். இனிமேல் அடிக்கமாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகே மாமனார் இருவரையும் மேலே அனுப்புகிறார். வரும்போது அவன் மோக்கோவைக் கொண்டுவந்தான், அவள் தானிக்கோ என்ற வண்ணக்கரைப் பின்னலைக் கொண்டுவந்தாள். துடைத்தால் போகிற மன்னிப்பு வேண்டாம், முகத்தில் செதுக்கியதைப் போல நிற்கிற மன்னிப்பு வேண்டும் என்று அந்தக் கதை கேட்பதாகவே நான் படிக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகளின் செல்வாக்கு வந்ததும் பச்சை குத்துவது பல தீவுகளில் தடையானது. தாஹித்தியில் ஏறக்குறைய அழிந்தே போய், 1980களில்தான் திரும்பவும் உயிர் வந்தது. ஹவாயில் காப்பாவுக்கும் இதே கதி, பருத்தித் துணி வந்ததும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கொட்டாப்புளிச் சத்தம் நின்றுவிட்டது. 1970களில் மீட்டெடுத்தவர்கள் அருங்காட்சியகத் துணிகளைப் பார்த்தும் பழைய குறிப்புகளைப் படித்தும் ஏறக்குறைய ஒவ்வொரு படியையும் தாங்களே செய்து செய்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சமோவாவில் மட்டும் பச்சை குத்துவது முழுதாக நின்றதே இல்லை.

மாவோரிப் பின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காகித மல்பெரியை அவர்களும் படகில் கொண்டுபோனார்கள், ஆனால் நியூசிலாந்தின் குளிரில் அது சரியாக வரவில்லை. குக் போன காலத்தில் சில செடிகளே இருந்தன, அந்தத் துணியும் காதில் செருகும் அலங்காரத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. எனவே ஹராக்கேக்கே என்ற, வாள் போல நீண்ட இலையுள்ள செடிக்கு மாறினார்கள். இலையைக் கிளிஞ்சல் ஓட்டால் சுரண்டினால் பட்டு மாதிரி மினுங்கும் நார் வரும். அந்தச் செடி ஒரு குடும்பம் என்பார்கள். நடுக்குருத்து குழந்தை, அதை அணைத்து நிற்கும் இரண்டு இலைகள் அம்மா அப்பா, அவற்றுக்கு வெளியே தாத்தா பாட்டிகள். வெட்டுவது வெளி இலைகளை மட்டும்தான். குருத்தையும் பெற்றோரையும் தொடவே கூடாது, மழையில் வெட்டக் கூடாது, இரவில் வெட்டக் கூடாது. குருத்தை வெட்டினால் அந்தக் கிளை செத்துவிடும் என்பதை ஒரு குழந்தைக்குக்கூட மறக்காதபடி சொல்லிவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மரச்சிற்பத்தின் கதை ருவாதேபுப்புக்கே என்பவருடையது, நியூசிலாந்தின் கிழக்குக் கரைப் பக்கம் சொல்வது. அவர் மகன் மனுருஹி கடல் தெய்வம் தங்காரோவாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மீன் பிடித்துவிட்டான். தங்காரோவா அவனைக் கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கூரை உச்சியில் ஒரு சிலையாக நிறுத்திவிட்டார். அப்பா மகனைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறார். அடியில் ஒரு பெரிய வீடு, உள்ளே செதுக்கிய தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் சத்தம். மேலே பார்த்தால் கூரை முகப்பில் மகன். அங்கிருந்த ஒரு கிழவி யோசனை சொல்ல, வீட்டின் இண்டு இடுக்கையெல்லாம் வெளிச்சம் நுழையாதபடி அடைத்துவிட்டுக் காத்திருக்கிறார். உள்ளே வந்து படுத்த கடல்வாசிகள் விடிந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும்போது தீ வைத்துவிட்டு, மகன் சிலையையும் வெளிப்புறத்துத் தூண்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே வருகிறார். அவற்றைப் பார்த்துத்தான் மனிதர்கள் செதுக்கக் கற்றார்கள். வீட்டுக்கு உள்ளே இருந்த தூண்களுக்குத்தான் பேச்சு இருந்தது, அவை எரிந்துவிட்டன. அவர் எடுத்துவந்தவை வெளியில் நின்ற பேசாத தூண்கள். இன்று மாவோரிச் சிற்பங்கள் பேசாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அவர் பெயரிலேயே இரண்டாம் ருவாதேபுப்புக்கே என்று மாவோரிகள் ஊராகக் கூடும் ஒரு சபை வீடு இருக்கிறது. 1881இல் தொகோமாரு விரிகுடாவில் கட்டினார்கள். கூரையின் நடுவிட்டம் மூதாதையின் முதுகெலும்பு, இருபுறமும் இறங்கும் வாரைகள் விலா எலும்புகள், முகப்பில் சரிந்து நீளும் பலகைகள் விரித்த கைகள். உள்ளே நுழைவது ஒரு முன்னோரின் நெஞ்சுக்குள் நுழைவது. அந்த வீடு கைமாறி, 1905இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1990களில் அதைச் சீரமைத்தபோது தொகோமாரு விரிகுடாவிலிருந்து ஆட்கள் போய்க் கூட நின்றார்கள். இன்றும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காரலாம், தூண்கள் இரண்டு பக்கமும் நிற்கும்.